சாவடியும் கடலும்

ஊர் காணப் புறப்படுகின்றவர்கள் பெரும்பாலும் பெயர் பெற்ற ஊர்களையே நாடிச் செல்வார்கள். கடற்கரையூர் என்றால் மாமல்லபுரம், பூம்புகார், தரங்கம்பாடி என்று அவர்கள் பட்டியல் நீளும். அவ்வூர்களில் கோயில் இருக்கும், கோட்டை இருக்கும், கல்லிலே எழுதிய வரலாறு இருக்கும். இன்று நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்பும் ஊரில் அப்படிச் சுட்டிக் காட்டத்தக்க சின்னம் எதுவும் இல்லை. அதன் பெயர் பெரிய முதலியார்சாவடி. மரக்காணத்திலிருந்து கடலோரச் சாலை வழியே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தெற்கே வந்தால் இவ்வூரை அடையலாம். இன்னும் சிறிது தொலைவு சென்றால் புதுச்சேரி. சாலையில் செல்லும் பேருந்துகள் ஒரு நொடி நின்று புறப்பட்டுவிடும். 1968ஆம் ஆண்டில் தோன்றிய ஆரோவில் நகரைக் காண வருவோர் இவ்வழியே மேற்கே திரும்பிவிடுவர். கிழக்கே திரும்பிக் கடலைப் பார்ப்பவர் சிலரே.

ஊர்ப்பெயர்களே நமக்குப் பாதி வரலாற்றைச் சொல்லிவிடும். சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். இக்கரையோரத்தில் பெரிய முதலியார்சாவடி, சின்ன முதலியார்சாவடி, பிள்ளைச்சாவடி என்று சாவடிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. இவற்றுக்கு இடையிலும் பக்கத்திலும் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம் எனக் குப்பங்கள் உள்ளன. குப்பம் என்பது இக்கரையில் மீனவர் குடியிருப்பு. சாவடி நிலவழியே நடந்தவர்களுடையது. குப்பம் நீர்வழியே சென்றவர்களுடையது. இரண்டு வழிகளும் பக்கம் பக்கமாக ஓடிய நிலம் இது என்பதை வேறு சான்று தேடாமலே உணரலாம்.

இக்கரையின் பழமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கி.பி. முதல் நூற்றாண்டில், பெயர் தெரியாத ஒரு கிரேக்க வணிகர் கடல்வழி கூறும் கையேடு ஒன்றை எழுதி வைத்தார். அதற்கு எரித்திரைக் கடலின் பெரிப்ளூஸ் என்று பெயர். சோழமண்டலக் கரையின் துறைகளாக அவர் மூன்று ஊர்களை வரிசையாகச் சொல்கிறார்: கமரா, பொதுகே, சோபட்மா. கமராவைக் காவிரிப்பூம்பட்டினம் என்றும், பொதுகேயைப் புதுச்சேரிக்குத் தெற்கேயுள்ள அரிக்கமேடு என்றும், சோபட்மாவை மரக்காணம் என்றும் அறிஞர் பலர் கருதுவர். அக்கருத்தின்படி பார்த்தால், நம் சிற்றூர் பொதுகேக்கும் சோபட்மாவுக்கும் இடையே கிடக்கிறது. மரக்கட்டைகளைப் பிணைத்துக் கட்டிய சங்காரா என்னும் பெருங்கலங்கள் இங்கு உண்டு என்றும், கங்கைக்கும் அதற்கு அப்பால் பொன்னாடு எனப்பட்ட கீழ்த்திசைக்கும் செல்லும் பெரிய மரக்கலங்கள் உண்டு என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். இத்தாலிய நாட்டு மெருகிட்ட மட்கலங்களும், மதுவும் எண்ணெயும் கொண்டுவந்த கூர்ங்கால் சாடிகளின் உடைசல்களும் அங்கே கிடைத்தன. பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மீண்டும் ஆராய்ந்து அவ்வூரின் வாழ்நாள் வீலர் எண்ணியதைவிட மிக நீண்டது என்று காட்டினார். அரிக்கமேடு கடலோரத்தில் வெட்டவெளியில் அமைந்த ஊர் அன்று. அரியாங்குப்பத்து ஆற்றின் கரையில், ஆற்றுவாய்க்குச் சற்று உள்ளே அமைந்தது. அந்த ஆற்றுவாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிறிது நேரத்தில் நாம் மீண்டும் அங்கே வருவோம்.

மரக்காணத்தின் பக்கம் நமக்குத் துணையாக வருவது சிறுபாணாற்றுப்படை. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடிய அந்நூலில் எயிற்பட்டினம் என்றொரு கடற்கரையூர் வருகிறது. மரக்காணமே அப்பட்டினம் என்பது பலர் துணிபு. அவ்வூர்ப் பரதவர் வீட்டில் அடுப்பெரிக்கும் விறகு எது தெரியுமா? அலை கொண்டுவந்து கரையில் ஒதுக்கிய மணமுள்ள மரம். அது ஒட்டகம் படுத்துறங்குவது போலக் கிடந்தது என்று புலவர் உவமை சொல்கிறார். நம் காட்டில் வளராத மரத்தையும் நம் நாட்டில் பிறவாத விலங்கையும் ஒரே உவமையில் காண வேண்டுமானால், அந்தப் புலவர் கடல்வழி வாணிகம் நடந்த கரையைக் கண்ணாரக் கண்டிருக்க வேண்டும்.

பிற்காலத்திலும் இக்கரை உறங்கவில்லை. மரக்காணத்துப் பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊருக்கு வடக்கே கடப்பாக்கத்தின் அருகில் ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது. 1750இல் அது பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1760இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றி இடித்தனர். புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, எந்தக் கப்பல் வந்தது, எந்தக் கப்பல் பாய் விரித்தது என்பதை ஓயாமல் குறித்து வைத்தார். அக்காலத்தில் கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். சலங்கு என்னும் படகுகளே அலையைக் கடந்து சரக்கையும் மக்களையும் ஏற்றி இறக்கின. அப்படகின் பலகைகளை ஆணி அடித்து இணைப்பதில்லை, கயிற்றால் தைப்பார்கள். அலை மோதும்போது ஆணி அடித்த படகு பிளக்கும். தைத்த படகு வளைந்து கொடுக்கும்.

மரக்காணத்து உப்பைச் சென்னைக்குக் கொண்டு செல்லப் பக்கிங்காம் கால்வாய் பயன்பட்டது. 1806இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய அக்கால்வாய், 1877–78ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது பல்லாயிரவர் உழைப்பால் நீட்டப்பெற்றது. ஆந்திரக் கரையிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவந்து மரக்காணத்தில்தான் அது முடிகிறது. இன்று அதில் படகு போக்குவரத்து இல்லை. ஆனால் உப்பளங்கள் இருக்கின்றன. கழிமுகத்து நீரைப் பாத்திகளில் தேக்கி, ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மாற்றி, வெயிலில் செறிவேற்றி, உப்புப் பூக்கும் நிலையில் வாரி எடுக்கிறார்கள். நேரம் தவறிப் போனால் கசப்புள்ள மக்னீசிய உப்பும் சேர்ந்து படிந்துவிடும். மரக்காணத்து அளத்தில் நின்று பார்த்தால், கால் வெடிக்க நிற்கும் அந்தத் தொழிலாளி ஒரு வேதியியல் ஆசிரியருக்கு எவ்வகையிலும் குறைந்தவர் அல்லர் என்பது விளங்கும்.

இவ்வளவு செய்தியையும் நூல்களில் படித்துக்கொண்டுதான் நானும் ஆசிரியப் பணிக்கு வந்தேன். ஆசிரியப் பயிற்சி முடித்து, இவ்வட்டாரப் பள்ளி ஒன்றில் பணியேற்ற புதிது. ‘கண்டறிதல், அளந்தறிதல்’ என்று பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். 1984ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெரிய முதலியார்சாவடிக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். கரையோரத்தில் ஒரு சிறு கோயில். அதன் கீழ்ப்படியிலிருந்து அலை ஏறி நனைத்த கோடுவரை அடியளந்து எண்ணச் சொன்னேன். ஒவ்வொருவர் எண்ணும் ஒவ்வொரு விதமாக இருந்தது. சராசரி காண்பது எப்படி என்பதை அந்த மணலிலேயே எழுதிக் காட்டினேன். நானும் அளந்தேன். என் கணக்கு 86 அடிவைப்பு.

அன்று அந்த மணல் வெறும் மணலாக இல்லை. கட்டுமரங்களைக் கரையேற்றிக் கட்டவிழ்த்துக் கட்டைகளை வெயிலில் உலர்த்தியிருந்தார்கள். நீரை நிறையக் குடித்த கட்டை கனக்கும். உலர்ந்தால்தான் மறுநாள் மிதக்கும். ஒருபுறம் வலை காய்ந்தது. ஒருபுறம் மீன் காய்ந்தது. கரைவலை இழுப்போர் இரு வரிசையாக நின்று, பின்னோக்கி நடந்து நடந்து கயிற்றை இழுத்தார்கள். பின்னோக்கி நடக்க இடம் வேண்டுமல்லவா? பரதவருக்கு மணல்தான் துறைமுகம், மணல்தான் பட்டறை, மணல்தான் களம். நம் கட்டுமரத்தின் பெயர் ஆங்கிலத்திலும் பிற ஐரோப்பிய மொழிகளிலும் ஏறி உலகெங்கும் வழங்குவதை நீங்கள் அறிவீர்கள். அச்சொல் கடல் கடந்து போவதற்கு முன் இத்தகைய மணலில்தான் பிறந்தது.

அடுத்து நான் சொல்லப்போவது என்னுடைய பிழை ஒன்று. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பத்து ஆற்றுவாயில் துறைமுகம் அமைக்கக் கடலுக்குள் கற்சுவர்கள் எழுப்பும் பணி நடந்தது. பொதுகேயின் கலங்கள் புகுந்த அதே ஆற்றுவாய்தான். வட்டாரம் முழுதும் அதே பேச்சு. நானும் ஊக்கம் கொண்டு, ‘துறைமுகத்தால் விளையும் நன்மைகள்’ என்று மாணவர்களுக்கு ஒரு கட்டுரை கொடுத்தேன். எல்லோரும் வாணிகம் பெருகும், வேலை கிடைக்கும் என்று எழுதினார்கள். குப்பத்துப் பிள்ளை ஒருவன் மட்டும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தான். தெற்கே கடலில் கல் கொட்டினால் நம் ஊருக்கு மணல் வராது என்று தன் தாத்தா சொல்வதாக எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் அந்த வரியை அடித்து, ‘பொருளுக்குப் புறம்பு’ என்று ஓரத்தில் எழுதினேன்.

அந்தப் பெரியவர் சொன்னதன் பொருள் என்ன? நீங்களே எண்ணிப் பார்க்கலாம். கடலலை கரைக்கு நேராக வருவதில்லை. பெரும்பாலும் சாய்வாக வரும். ஏறும்போது மணலைச் சாய்வாக மேலே தள்ளும். இறங்கும்போது சரிவின் வழியே நேராகக் கீழே இழுக்கும். ஆகவே ஒவ்வோர் அலைக்கும் மணல் சிறிது சிறிதாகப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நம் கரையில் மணல் வடக்கு நோக்கிச் செல்லும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கித் திரும்பும். ஆண்டு முடிவில் வரவு செலவு பார்த்தால் வடக்கே போனதுதான் மிகுதி. இலட்சக்கணக்கான கன மீட்டர் மணல் இவ்வாறு நகர்கிறது. ஒரு கரையில் கிடக்கும் மணல் அந்த ஊரின் நிலையான சொத்து அன்று. தெற்கேயுள்ள ஊர் கொடுத்தது. வடக்கேயுள்ள ஊருக்குப் போகவேண்டியது. இடையில் கடலுக்குள் நீண்ட கற்சுவர் ஒன்றை எழுப்பினால், தென்புறத்தில் மணல் மலியும். வடபுறத்தில் வரவு நின்று செலவு மட்டும் நடக்கும். கரையின் குறுக்கே ஒரு கட்டுமரம் பல நாள் கிடந்தாலும் ஒருபுறம் மணல் ஏறி மறுபுறம் குழி விழுவதை நாள்தோறும் கண்டவர் அந்தத் தாத்தா. அவர் கல்லூரியில் படிக்கவில்லை, அலையைப் படித்தவர்.

இவ்வுண்மை நம் நாட்டுக்குப் புதியதும் அன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சென்னைத் துறைமுகம் கட்டியபோது இதுவே நிகழ்ந்தது. துறைமுகத்துக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து இன்று நாம் காணும் அகன்ற மெரினாக் கடற்கரை உண்டாயிற்று. வடக்கே இராயபுரம் பக்கம் கடல் நிலத்தை அரித்துச் சென்றது. மெரினாவில் உலவி மகிழ்கின்ற நாம், அந்த மணலை எதிர்பார்த்திருந்த வடசென்னைக் குப்பங்களை எண்ணுவதில்லை. புதுச்சேரியிலேயே பழைய கப்பற்பாலம் ஒன்று இருந்தது. 1952ஆம் ஆண்டுப் புயலில் அது சிதைந்தது. அது கால்களின் மேல் நின்ற பாலம். அலையும் மணலும் அதன் கால்களுக்கிடையே புகுந்து சென்றன. கால்மேல் நின்ற பாலத்துக்கும் கடலடியிலிருந்து எழுந்த கற்சுவருக்கும் உள்ள வேற்றுமையை அன்று என் மாணவர்களுக்கு நான் கேள்வியாகவேனும் கொடுத்திருக்கலாம்.

சுவர்கள் எழுந்த பின் புதுச்சேரி நகரின் மணற்கரை மறைந்தது. நகரைக் காக்கப் பாறைகளைக் கொட்டினார்கள். அரிப்பு அங்கே நின்றுவிடவில்லை. வடக்கு நோக்கி நடந்தது. குப்பம் குப்பமாகக் கற்சுவரும், கடலுக்குள் நீளும் கல்லணைகளும் கட்டப்பட்டன. ஓர் ஊரைக் காத்த கல் அடுத்த ஊரின் மணலைப் பிடித்துக்கொண்டது. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி ஆகிய ஊர்கள் யாவும் இத்துன்பத்தை அறிந்தவை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை ஒரு நாளில் அழித்ததை உலகமே கண்டது. இந்த அரிப்போ ஆண்டுக்கு ஓர் அடி, இரண்டு அடி என்று ஓசையின்றி அழித்தது.

சென்ற பங்குனியில் நான் மீண்டும் பெரிய முதலியார்சாவடிக்குச் சென்றேன். பருவந்தோறும் கரை அகன்று குறுகும் இயல்புடையது. ஆகவே ஒப்பிடுவதற்கு அதே மாதத்தைத் தேர்ந்துகொண்டேன். அந்தச் சிறு கோயில் இருந்தது. கீழ்ப்படியில் நின்று அளந்தேன். 19 அடிவைப்பில் கால் நனைந்தது. இளமையில் வைத்த அடி நீளம். அறுபது கடந்தவன் வைக்கும் அடி குறுகியது. ஆதலால் பழைய கணக்கில் இது 16 அல்லது 17 என்றே கொள்ளவேண்டும். ஒருவன் இருமுறை அளந்தது அறிவியல் முடிவு ஆகாது என்பதும் எனக்குத் தெரியும். எனினும் கடலாய்வாளர்கள் இக்கரை முழுதும் கண்ட போக்கோடு என் சிறு கணக்கு முரண்படவில்லை.

கரையில் நாரிழைப் படகுகள் சில ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நின்றன. வலை உலர்த்த இடம் போதாமல் சாலையோரம் வரை விரித்திருந்தார்கள். அங்கே வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்து, “ஐயா, என்னைத் தெரிகிறதா?” என்றார். நரைத்த தலைக்குள் அந்தப் பழைய முகத்தைக் கண்டுகொண்டேன். கட்டுரையில் வரி சேர்த்த அதே பிள்ளை. இருவரும் கோயில் படியில் அமர்ந்தோம். கரைவலை இழுப்பது ஊரில் நின்றுபோயிற்று என்றும், காற்று மிகுந்த நாளில் படகை வேறு ஊர்க்கரையில் ஏற்றவேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். “அந்த ஊர்க்காரர்கள் இடம் கொடுக்கிறார்கள், ஐயா. ஆனால் எத்தனை நாள் கொடுப்பார்கள்?” என்று கேட்டார். நான் அந்தக் கட்டுரையை நினைவூட்டி, “அன்று உன் வரியை அடித்தது என் தவறு, அப்பா” என்றேன். அவருக்கு அது நினைவிலேயே இல்லை. “நான் அப்படி எழுதினேனா?” என்று சிரித்தார். பிறகு, “தாத்தா சொல்வார், சொல்வார்” என்று கடலைப் பார்த்தபடி சொன்னார். அவர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

மாணவர்களே, கடல்சார் மரபு என்றால் உரோமானியர் காசும், உடைந்த சாடியும், இடிந்த கோட்டையும் மட்டுமே என்று எண்ணிவிடாதீர்கள். அவற்றைப் போற்றத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கலங்களைக் கட்டியவர்கள், சலங்கைத் தைத்தவர்கள், காற்றின் மாதத்தையும் மணலின் போக்கையும் அறிந்தவர்கள் ஆகியோரின் அறிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. அது அருங்காட்சியகத்தில் இல்லை. குப்பத்துத் திண்ணையில் இருக்கிறது. அந்த அறிவு வாழ வேண்டுமானால் அதற்கு ஒரு கரை வேண்டும். கரையில்லாத ஊரில் கட்டுமரத்தின் கதையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

துறைமுகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டாயிரம் ஆண்டாகத் துறைமுகங்களால் வாழ்ந்தவர்கள் நாம். கட்டுவதற்கு முன் வடக்கேயுள்ள ஊரைக் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள். தடைப்பட்ட மணலை இயந்திரங்களால் எடுத்து அப்பால் சேர்க்கும் முறை உலகில் உண்டு. புதுச்சேரியில் 2019ஆம் ஆண்டளவில் கடலுக்கு அடியில் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்து, நகரின் முன்பகுதியில் ஓரளவு மணலை மீட்டிருக்கிறார்கள். மனிதன் செய்த பிழையை மனிதனே ஓரளவு திருத்த முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் ஓரிடத்தில் திருத்தும்போதும், அதற்கு அடுத்த கரை என்னாகும் என்ற கேள்வியை விடக்கூடாது.

உங்களுக்கு ஒரு சிறு பணி தருகிறேன். கடலோரத்தில் வாழ்பவர்கள், அசையாத ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கோயில் படியாக இருக்கலாம், கிணற்றுத் திட்டாக இருக்கலாம். திங்கள்தோறும் ஒரே நாளில், நாடா கொண்டு, அலை நனைத்த கோடுவரை அளந்து குறிப்பேட்டில் எழுதுங்கள். காற்று எத்திசையிலிருந்து வீசியது என்பதையும் எழுதுங்கள். ஆற்றோரத்தில் வாழ்பவர்கள் ஆற்றங்கரையை அளக்கலாம். பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தால் அவர் சொல்வதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். அது பொருளுக்குப் புறம்பு அன்று.

நான் 1984இல் அளந்தேன். அதன்பின் நாற்பது ஆண்டு அளக்கவில்லை. இடையில் உள்ள பக்கங்கள் என் குறிப்பேட்டில் வெறுமையாகக் கிடக்கின்றன. உங்கள் குறிப்பேடுகளாவது அப்படி இல்லாதிருக்கட்டும். வருகிற பங்குனியில், உடல்நலம் இருந்தால், நாடாவோடு மீண்டும் அந்தக் கோயில் படிக்குச் செல்வேன். என் பழைய மாணவரின் பேத்தி நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள்.